பைக்குக்குப் பின்னால் ஒரு பெட்டி

பைக்கில் தூரம் போகிறவர்களுக்குச் சாமான் பிரச்சினை ஒரு நாள் வந்தே தீரும். கூடாரம், பாய், அடுப்பு, தண்ணீர்க் கலன், மழைக்கோட்டு, மாற்று உடுப்பு. தனியாகப் போனால் எப்படியோ சமாளிக்கலாம். பின்னால் மனைவியோ சிநேகிதனோ ஏறினால் அவருடைய பையும் வரும். பையை வைக்க இருந்த இடத்திலோ இப்போது அவர் இருக்கிறார். பிறகு நடப்பது எல்லாருக்கும் தெரியும். கரியரில் ஒரு பை, அதற்கு மேல் இன்னொன்று, அதற்கு மேல் பாய், எல்லாவற்றையும் சுற்றி ரப்பர் கயிறு. ஹபரணையிலிருந்து கந்தளாய் வரும் வீதியில் இப்படி ஏற்றிக்கொண்டு போகும் பைக்குகளைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். ஹாண்டில் சும்மா ஆடுவதும், ஒவ்வொரு மேட்டிலும் முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் போவதும் பின்னால் வருகிறவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரிய பைக் வைத்திருப்பவர்களில் சிலர் இதற்கு ட்ரெய்லரைத் தேடிப் போகிறார்கள். இரண்டு சின்னச் சக்கரம், மூடி போட்ட ஒரு பெட்டி, முன்னால் நீளும் ஒரு தண்டு. தண்டின் நுனியில் உள்ள கவ்வி, பைக்கின் பின்புறத்தில் பூட்டிய இரும்பு உருண்டையில் போய்ப் பொருந்தும். படத்தில் பார்க்க மிகச் சுலபமாக இருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வரும் தம்பிமார் கேட்பதும் அந்தக் கவ்வியையும் உருண்டையையும் பற்றித்தான். எந்த இரும்பு, எத்தனை மில்லிமீற்றர், எங்கே வெல்டிங் பிடிப்பது என்று. அதெல்லாம் ஒரு நாள் வேலை. பாரம் எங்கே உட்கார்கிறது என்பதுதான் இதில் உயிர் போகும் விஷயம். அதைப் பற்றி யாருமே கேட்பதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் திருகோணமலையில் பைக் திருத்தும் கராஜ் வைத்திருப்பவன். வெல்டிங் வேலையும் செய்வேன். என் அண்ணா லண்டனில் இருக்கிறார். அவரிடம் ஹோண்டா கோல்ட் விங் ஒன்று இருக்கிறது, அதற்குப் பின்னால் பெட்டியும் இழுக்கிறார். ஒரு கோடையில் அவரிடம் போயிருந்தபோது ஸ்கொட்லாந்து பார்க்கப் புறப்பட்டோம். அண்ணாவும் அண்ணியும் கோல்ட் விங்கில், நான் அவருடைய பழைய பைக்கில் பின்னால். அங்கும் இடப்பக்கம்தான் ஓட வேண்டும் என்பதால் பெரிய சிரமம் இருக்கவில்லை. ஓட்டுகிறவருக்குத் தன் பெட்டி கண்ணாடியில் ஒரு துண்டாகத்தான் தெரியும். எனக்கோ அது முழுதாக, நாள் முழுக்கக் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கோல்ட் விங் பற்றி இங்கே பலருக்குத் தெரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974 இல் அறிமுகமான வண்டி அது. முதலில் 1000 சிசி, நான்கு சிலிண்டர். 1988 மாடலில் இருந்து ஆறு சிலிண்டர். 2001 இல் 1800 என்று வந்ததன் எஞ்சின் உண்மையில் 1832 சிசி. எடை ஏறத்தாழ 400 கிலோ. ஸ்டாட்டர் மோட்டாரின் பலத்தில் நடை வேகத்துக்குப் பின்னால் போகும் ரிவர்ஸ் வசதியும் உண்டு. இவ்வளவு பலம் இருந்தும் இதில் ட்ரெய்லர் இழுக்க வேண்டாம் என்றுதான் ஹோண்டா தன் கையேட்டில் சொல்கிறது. பூட்டும் சட்டங்களைச் செய்து விற்பவர்கள் வேறு நிறுவனங்கள். பூட்டுகிறவர் தன் பொறுப்பில்தான் பூட்டுகிறார். கனடாவின் பிஆர்பி நிறுவனம் செய்யும் கேன்-ஆம் ஸ்பைடர் ஆர்டி வேறு மாதிரி. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்று சக்கரம் உள்ள அந்த வண்டிக்கு 622 லீற்றர் பெட்டி ஒன்றை அந்த நிறுவனமே செய்து விற்றது. மூன்று சக்கரம் சாயாது, விழாது. இரண்டு சக்கரத்துக்குப் பின்னால் இழுப்பது வேறு கணக்கு என்பது இதிலேயே தெரிகிறது.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு அண்ணா பெட்டியில் சாமான் அடுக்கினார். அடுக்கி முடித்ததும் என்னிடம், "தம்பி, குளியலறையில இருக்கிற தராசை எடுத்து வா" என்றார். ஆள் ஏறி நின்று எடை பார்க்கும் சாதாரணத் தராசு. அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, தண்டின் நுனியை அதில் வைத்தார். பைக்கில் பூட்டும்போது நுனி எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரம். தரையில் கிடக்கவிட்டு எடுத்தால் கணக்குப் பிழையாகும். பெட்டியும் சாமானும் சேர்ந்து 110 கிலோ. தராசு 7 கிலோ காட்டியது. "காணாது" என்று சொல்லிவிட்டு மூடியைத் திறந்து, பின்பக்கம் இருந்த கருவிப் பெட்டியை அச்சுக்கு முன்னால் நகர்த்தினார். திரும்ப வைத்தபோது 12. "இப்ப சரி" என்று பூட்டினார்.

மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பதினைந்து வீதம் வரை தண்டின் நுனியில் இறங்க வேண்டும். இழுவை வண்டிகளுக்கு அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது. 110 கிலோவுக்கு 11 முதல் 16 கிலோ வரை. பைக்கில் பூட்டிய சட்டத்துக்கென்று ஒரு உச்ச எடை எழுதப்பட்டிருந்தால் அதையும் தாண்டக்கூடாது.

இதைப் பார்த்தபோது எனக்குத் தம்பலகாமத்து அப்பப்பா நினைவுக்கு வந்தார். வயலில் இருந்து நெல் மூட்டை ஏற்றும்போது வண்டிலின் பக்கத்தில் நின்று "முன்பாரம் காணாது, இரண்டு மூட்டையை முன்னுக்குத் தள்ளு" என்று சத்தம் போடுவார். பின்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்திலிருந்து மேலே கிளம்பும், கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். முன்பாரம் கூடினால் கழுத்து நசுங்கும், மாடு நடக்காது. சரியாக ஏற்றிய வண்டிலில் நுகம் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், அழுத்தாது. லண்டனில் அண்ணா தராசில் பார்த்ததும் அதே முன்பாரம்தான். அப்பப்பாவுக்குத் தராசு தேவைப்படவில்லை, நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஒரு இடத்தில் மட்டும் வண்டிலும் பைக்கும் பிரிகின்றன. வண்டில் நடை வேகத்தில் போகிறது. பின்பாரம் கூடினால் மாட்டுக்கு வருத்தம், அவ்வளவுதான். பைக் எண்பதில் போகும்போது பின்பாரம் கூடினால் பெட்டி வாலாட்டத் தொடங்கும். எப்படி என்று சொல்கிறேன். பெட்டி நேராக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு காற்றோ, ஒரு குழியோ அதைச் சற்றே ஒரு பக்கம் தள்ளும். டயர்கள் அதைத் திருப்பி நேர்வழிக்குக் கொண்டுவரும். பாரத்தின் மையம் அச்சுக்கு முன்னால் இருந்தால் அந்த ஆட்டம் ஒன்று இரண்டில் அடங்கிவிடும். மையம் பின்னால் போகப் போக அடங்க நேரம் எடுக்கும். வேகம் கூடக் கூட இன்னும் நேரம் எடுக்கும். ஒரு வேகத்தைத் தாண்டினால் அடங்கவே அடங்காது, ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். அறுபதில் அமைதியாக வந்த பெட்டி எண்பதில் பைக்கையே பிடித்து உலுக்கும். நம் ஊரில் லேண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரமும் பெரிய உழவு இயந்திரமும் எப்படிப்பட்ட பெட்டியை எப்படி ஏற்றி இழுத்தாலும் வாலாட்டம் பெரும்பாலும் தெரியாமல் போவதற்கு அவற்றின் வேகம் குறைவு என்பதே காரணம். "அதெல்லாம் இழுக்குதே, பைக் இழுக்காதா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் எண்ணில் பார்த்தால்தான் சிலருக்கு நம்பிக்கை வரும். அச்சிலிருந்து தண்டின் நுனி வரை ஒன்றரை மீற்றர் என்று வையுங்கள். பெட்டியும் சாமானும் 90 கிலோ, முன்பாரம் 9 கிலோ, சரியாக இருக்கிறது. இப்போது அச்சுக்கு 40 சென்ரிமீற்றர் முன்னால் இருக்கும் 10 கிலோச் சாமானை எடுத்து, அச்சுக்கு 40 சென்ரிமீற்றர் பின்னால் வையுங்கள். முன்பாரம் 5 கிலோவுக்கு மேல் குறைந்து 4 கிலோவுக்குக் கீழே போய்விடும். மொத்த எடையில் ஒரு கிராம்கூட மாறவில்லை. மூடியைத் திறந்து பார்க்கிறவருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியாது.

இதனால்தான் குறையும் சாமானை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். தண்ணீர்க் கலனையும் ஐஸ் பெட்டியையும் முன்னால் வைத்துச் சரியான முன்பாரத்தோடு காலையில் புறப்படுகிறீர்கள். பின்னேரம் தண்ணீர் முடிந்திருக்கும், ஐஸ் உருகிக் கொட்டியிருக்கும். முன்பாரம் அந்த அளவுக்கு இறங்கியிருக்கும், நீங்களோ களைத்துப்போய் வேகமாக வீடு திரும்புகிறீர்கள். குடித்து, சாப்பிட்டுத் தீரும் பொருள்களை அச்சுக்கு நேர் மேலே வையுங்கள், அவை குறைந்தாலும் முன்பாரம் மாறாது. கனமானவை கீழே, அச்சுக்குச் சற்று முன்னால். உடுப்பும் பாயும் மேலேயும் பின்னேயும்.

முன்பாரம் நல்லது என்று அள்ளி வைக்கவும் கூடாது. உருண்டை இருப்பது பைக்கின் பின் அச்சுக்கும் பின்னால். அங்கே இறங்கும் எடை முன் சக்கரத்தை மேலே தூக்கும். கோல்ட் விங்கின் இரண்டு அச்சுக்கும் இடையில் ஏறத்தாழ 1.7 மீற்றர். உருண்டை பின் அச்சுக்கு 60 சென்ரிமீற்றர் பின்னால் என்றால், 12 கிலோ முன்பாரம் முன் சக்கரத்திலிருந்து 4 கிலோவைக் கழிக்கும். 400 கிலோ வண்டிக்கு அது ஒன்றுமில்லை. அதே 12 கிலோ நம் சின்னப் பைக்கில் தெரியும்.

வாலாட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? முதலில் கையைச் சும்மா வைத்துக்கொள்ள வேண்டும். அக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டு, ஹாண்டிலை நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்க விட வேண்டும். பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் பெட்டி பின்னாலிருந்து கோணலாகத் தள்ளும், அது பைக்கை மடக்கிவிடும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். வேகம்தான் ஆட்டத்துக்குத் தீனி. ஓரத்தில் நின்று மூடியைத் திறந்து பாரத்தை முன்னுக்கு நகர்த்திய பிறகுதான் மீண்டும் கிளம்ப வேண்டும்.

சரி, கவ்வியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காருக்குப் பின்னால் பூட்டும் கவ்வியைப் பைக்குக்கு அப்படியே பூட்ட முடியாது. கார் சாயாது. பைக் ஒவ்வொரு வளைவிலும் சாய்கிறது, ஆனால் பெட்டி சாயக்கூடாது. அதனால் தண்டுக்குள்ளேயே நீளவாக்கில் சுழலும் ஒரு மூட்டு இருக்க வேண்டும். அது இருந்தால் பைக் நின்ற இடத்தில் சரிந்து விழுந்தாலும் பெட்டி நிமிர்ந்து நிற்கும். உருண்டை அமெரிக்காவில் பெரும்பாலும் ஒன்றே முக்கால் அங்குலத்தைவிடச் சற்றுப் பெரியது, ஐரோப்பாவில் 50 மில்லிமீற்றர். ஒன்றின் கவ்வியை மற்றதன் உருண்டையில் போடவே கூடாது, பொருந்தியது போல இருந்து வழியில் கழரும். கழன்றாலும் தண்டு வீதியில் குத்தாமல் இருக்க இரண்டு சங்கிலிகளைத் தண்டுக்குக் கீழே குறுக்குமறுக்காகப் போட வேண்டும். விழும் தண்டை அந்தக் குறுக்கு தாங்கிக்கொள்ளும். உருண்டையைத் தாங்கும் சட்டம் பைக்கின் பிரதான சட்டகத்தில் போல்ட் ஆக வேண்டும். கரியர் பூட்டும் மெல்லிய பின் சட்டம் ஆளையும் பையையும் தாங்கச் செய்தது, இழுக்கவும் தள்ளவும் செய்ததல்ல. அதில் வெல்டிங் பிடித்துத் தரச் சொல்லி எவ்வளவு பணம் தந்தாலும் நான் செய்யமாட்டேன்.

விளக்கு விஷயத்தில் ஒன்று மட்டும். எர்த் வயரைத் தனியாக இழுங்கள். உருண்டையும் கவ்வியும் தொட்டுக்கொண்டிருக்கிறதே, அது போதும் என்று விட்டால் கிறீஸும் துருவும் சேர்ந்து ஒரு நாள் பிரேக் விளக்கு எரியாது. பெட்டி பைக்கின் சொந்த விளக்கை மறைத்துக்கொண்டிருப்பதால், நீங்கள் பிரேக் பிடிப்பது பின்னால் வரும் பஸ்காரருக்குத் தெரியவே தெரியாது.

பிரித்தானியாவின் சட்டத்தையும் சொல்ல வேண்டும், அது எனக்குப் பிடித்த சட்டம். பைக் 125 சிசிக்கு மேல் இருக்க வேண்டும். பெட்டியின் அகலம் ஒரு மீற்றருக்கு மேல் போகக்கூடாது. பைக்கின் பின் அச்சிலிருந்து பெட்டியின் கடைசி வரை இரண்டரை மீற்றர்தான். சாமானோடு பெட்டியின் எடை 150 கிலோ, அல்லது பைக்கின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, இதில் எது குறைவோ அது. வேகம் இருவழிச் சாதாரண வீதியில் மணிக்கு 50 மைல், மோட்டார்வேயில் 60 மைல். மூன்று தடம் உள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடத்துக்குப் போகவே கூடாது. பைக் இவ்வளவு இழுக்கும் என்பதை எஞ்சினின் பலத்தை வைத்து முடிவு செய்யாமல் பைக்கின் எடையை வைத்து முடிவு செய்திருக்கிறார்கள். இழுக்கிறது எஞ்சின்தான், ஆனால் நிறுத்துவதும் தடுமாறாமல் வைத்திருப்பதும் எடை.

நிறுத்துவதைப் பார்ப்போம். இந்தச் சின்னப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் பிரேக் இல்லை. அண்ணாவும் அண்ணியும் பைக்கும் சேர்ந்து 550 கிலோ என்று வையுங்கள். எண்பது கிலோமீற்றர் வேகத்தில் நல்ல காய்ந்த வீதியில் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 36 மீற்றரில் நிற்கலாம். பிரேக் இல்லாத 100 கிலோப் பெட்டியைச் சேர்த்தால் அதே பிடிக்கு 42 மீற்றருக்கு மேல் போகும். அந்த ஆறு மீற்றர், திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் போகிறவர்களுக்கு எவ்வளவு பெரியது என்று நான் சொல்லத் தேவையில்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் வெளியிலும் திரியும் புள்ளிமான்கள் யாரிடமும் கேட்டுக்கொண்டு வீதியைக் கடப்பதில்லை. நிலாவெளி வீதியில் மாடுகள் படுத்துக் கிடக்கும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிப்பது தனிப் பைக்கிலேயே கூடாத பழக்கம். பெட்டி இருந்தால் அது நேராகப் போகப் பார்க்கும், நீங்கள் திரும்பப் பார்ப்பீர்கள், அது பின் சக்கரத்தை வெளியே தள்ளும். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும்.

அண்ணாவுக்குப் பின்னால் போனபோது நான் அதிகம் பார்த்தது பெட்டியின் சக்கரங்களைத்தான். பைக் ஓட்டுகிறவருக்குக் குழியைக் கண்டால் விலகுவது கையிலேயே ஊறிய பழக்கம். பைக்குக்கு ஒரே தடம். பெட்டிக்கு இரண்டு தடம், பைக்கின் இரு பக்கமும். பைக் அழகாக விலகிப் போன குழியில் பெட்டியின் ஒரு சக்கரம் நேராகப் போய் விழும். அண்ணா சில இடங்களில் விலகாமல் குழிக்கு நேர் மேலே பைக்கைக் கொண்டுபோவதை முதலில் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குழி சின்னது என்றால் பைக்கின் பெரிய சக்கரம் அதைத் தாங்கும், பெட்டியின் சின்னச் சக்கரம் தாங்காது என்று தேநீர் குடிக்க நின்றபோது விளக்கினார். வளைவிலும் அப்படித்தான். பெட்டி பைக் போன கோட்டில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடப்பக்கம் திரும்பும்போது சற்று வெளியே எடுத்துத் திரும்பாவிட்டால் உள் சக்கரம் ஓரக் கல்லில் ஏறும்.

சக்கரம் சின்னது என்பதால் பேரிங்கும் கவனிக்க வேண்டிய ஒன்று. எட்டு அங்குல ரிம் போட்ட டயர் ஒன்று எண்பதில் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஹப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நில்லுங்கள். காற்றை டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கு ஏற்றவும் வேண்டாம். அது முழுப் பாரத்துக்கான அளவு. லேசான பெட்டியில் அவ்வளவு காற்று இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் பெட்டி துள்ளும், துள்ளும் நேரத்தில் டயருக்குப் பிடி இல்லை.

ஸ்கைத் தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறியபோது பக்கக் காற்று அடித்தது. அண்ணா ஏறும் முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டார். பைக் காற்றுக்குள் சாய்ந்து சமாளித்தது. பெட்டிக்குச் சாயத் தெரியாது, அதன் தட்டையான பக்கத்தில் காற்று முழுதாக மோதியது. தண்டு ஒரு பக்கம் இழுபடுவது பின்னாலிருந்த எனக்கே தெரிந்தது. முன்பாரம் சரியாக இருந்ததால் அது ஆடாமல், சற்றுக் கோணலாக, அமைதியாக வந்தது. அப்போது எனக்குக் கிண்ணியாப் பாலத்தின் ஞாபகம்தான். 2009 இல் அது திறக்கும் வரை பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏற்றித்தான் பைக்கை அக்கரைக்குக் கொண்டுபோவோம். இன்றைக்கு 396 மீற்றர் நீளப் பாலம், திறந்தபோது இலங்கையில் மிக நீளமானது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அதன் நடுவில் தனிப் பைக்கே தள்ளாடும். ஏ15 வீதியில் மூதூர் தாண்டி வெருகல் வரை வெட்டவெளியும் வயலும்தான், காற்றை மறிக்க ஒன்றுமில்லை.

ஏ6 வீதியில் காற்று பெரிய பிரச்சினை இல்லை, யானை இருக்கிறது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் பின்னேரம் யானை வீதியில் நின்றால் பைக்காரர் என்ன செய்வார்? தூரத்திலேயே நின்று, பைக்கைக் காலால் தள்ளித் திருப்பி, வந்த வழியே போவார். பின்னால் பெட்டி இருந்தால் அது முடியாது. பைக்கைக் காலால் பின்னுக்குத் தள்ளினால் பெட்டி குறுக்கே மடங்கும். ரிவர்ஸ் உள்ள கோல்ட் விங்கிலேயே பெட்டியோடு நேராகப் பின்னுக்குப் போவது நிதானமான இடத்தில் செய்யும் வேலை. எங்கே நிறுத்தினாலும் முன்னுக்கே வெளியேறக்கூடியதாகத்தான் அண்ணா நிறுத்துவார். பெற்றோல் போடும் இடம், கடை வாசல், எதுவாக இருந்தாலும். யானைக்கு முன்னால் அப்படி இடம் பார்த்து நிற்க முடியாது.

இவ்வளவும் சொன்னபிறகு நம் பைக்குகளுக்கு வருகிறேன். இங்கே ஓடுவது பெரும்பாலும் 100 முதல் 200 சிசி வரை. 150 சிசி பைக் ஒன்று ஏறத்தாழ 140 கிலோ. பிரித்தானியச் சட்டத்தின் அளவை வைத்துப் பார்த்தால் பெட்டியும் சாமானும் சேர்ந்து 93 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. நான் இரும்பில் செய்தால் பெட்டி, அச்சு, சக்கரம், தண்டு எல்லாம் சேர்த்து 50 கிலோவுக்குக் குறையாது. மிஞ்சுவது 43 கிலோ. அதற்காகப் பிரேக் தூரம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, ஏனென்றால் பைக்கும் இரண்டு ஆட்களும் 280 கிலோ, பெட்டி அதில் மூன்றில் ஒரு பங்கு. கிளச் தேய்கிறது, செயின் இழுபடுகிறது, ஏற்றத்தில் எஞ்சின் சூடாகிறது. இதற்கு மேல், இங்கே ட்ரெய்லரும் பதிவு செய்ய வேண்டிய வாகனம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் எழுத்தில் பதில் வாங்காமல் யாரும் வீதியில் இறக்கக்கூடாது.

அதனால் என் முடிவு தெளிவானது. பெரிய பைக்கும், நல்ல வீதியும், நீண்ட பயணமும் உள்ள இடத்தில் பெட்டி அருமையான ஏற்பாடு. அண்ணி அவ்வளவு தூரமும் முதுகு நோகாமல் வந்தார், ஏனென்றால் அவருக்குப் பின்னாலும் பக்கத்திலும் எந்தப் பையும் நெருக்கவில்லை. பைக்கும் லேசாக வளைந்து திரும்பியது, உயரத்தில் இருக்க வேண்டிய பாரமெல்லாம் தரைக்குக் கிட்ட இருந்தது. நம் 150 சிசி பைக்குக்கு அது வேண்டாம். வேண்டியது பாரத்தைக் கீழே இறக்குவது. கரியரில், பின் அச்சுக்கு 30 சென்ரிமீற்றர் பின்னால் 20 கிலோ மூட்டை ஒன்றைக் கட்டினால், இரண்டு அச்சுக்கும் இடையில் 1.3 மீற்றர் உள்ள பைக்கின் முன் சக்கரத்திலிருந்து நாலரைக் கிலோ போய்விடும். அதே 20 கிலோவை இரண்டாகப் பிரித்து, பின் இருக்கைக்கு இரு பக்கமும், அச்சுக்குச் சற்று முன்னால், முழங்கால் உயரத்துக்குக் கீழே தொங்கவிட்டால் முன் சக்கரத்தில் எடை கூடும். ஐஸ் பெட்டி கட்டி மீன் விற்கப் போகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். பெட்டி எவ்வளவு பெரிது என்பதைவிட எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு சாண் முன்னால் நகர்த்தினாலே ஹாண்டிலில் வித்தியாசம் தெரியும்.

புல்மோட்டைப் பக்கம் கூடாரம் அடிக்கப் போகும் தம்பி ஒருவர் உருண்டை பூட்டித் தரச் சொல்லி வந்தார். அவருக்குப் பிரதான சட்டகத்தில் பிடிக்கும் இரண்டு பக்கச் சட்டங்கள் செய்து கொடுத்தேன். சைலன்சர் பக்கம் சூடு படாமல் தகடு, மறுபக்கம் செயினுக்கு இடைவெளி. தண்ணீர்க் கலன்கள் இரண்டு பக்கமும் ஒன்று ஒன்று, ஒன்றிலிருந்து குடித்தால் அடுத்த நிறுத்தத்தில் மற்றதிலிருந்து குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். கூடாரமும் பாயும் மட்டும் மேலே.

வெளிநாட்டில் பெரிய பைக் வைத்திருந்து இதை வாசிக்கும் நம் ஆக்கள் பெட்டி வாங்குவதற்கு முன்னால் ஒரு தராசு வாங்குங்கள். ஒவ்வொரு தடவை அடுக்கும்போதும் தண்டை அதில் வையுங்கள், முதல் கிலோமீற்றர்களை நாற்பதில் ஓடிப் பாருங்கள், பிறகு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இங்கே இருப்பவர்கள் சாமான் முழுவதையும் கட்டிய பைக்கோடு கராஜுக்கு வாருங்கள். முன் சக்கரத்தை ஒரு தராசிலும் பின் சக்கரத்தை இன்னொன்றிலும் ஏற்றி எடை பார்க்க என்னிடம் வசதி இருக்கிறது. அதற்குக் காசு வாங்குவதில்லை. ஆட்கள் ஏறி உட்கார்ந்துதான் எடை எடுக்க வேண்டும், அதனால் பின்னால் இருக்கப் போகிறவரையும் கூட்டி வாருங்கள்.